செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பணத்துக்கு முன்னால் வேண்டியது நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் செவிலியர் கல்லூரிகளில் எத்தனை இடங்கள், கலந்தாய்வு எப்போது, தனியார் கல்லூரிகளில் கட்டணம் எவ்வளவு என்ற செய்திகள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. அப்படிச் சேரும் பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டுகள் கற்பிக்கப்போகும் ஆசிரியர்கள் தங்கள் அறிவையும் கைத்திறனையும் எவ்வாறு புதுப்பித்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. செவிலியர் கல்வித் துறையில் பல்லாண்டு ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இதுபற்றிய சில கருத்துகளைத் தங்கள் வாசகர்கள் முன்னும், குறிப்பாகக் கல்லூரி நிர்வாகிகள் முன்னும் வைக்க விரும்புகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே 'நிதி இல்லை' என்ற பதில்தான் எங்கும் கிடைக்கிறது. நிதி குறைவு என்பது உண்மைதான். ஆயினும் இருக்கும் நிதிக்குள் செய்யக்கூடியவையும் செய்யப்படாமல் கிடப்பதற்கு நிதியைக் காரணம் சொல்ல முடியாது என்பதே என் வாதம்.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த புதிய பாடத்திட்டம் 2021-22 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தபோது, பி.எஸ்சி. நர்சிங் படிப்பு ஆண்டுத் தேர்விலிருந்து எட்டுப் பருவங்கள் கொண்ட செமஸ்டர் முறைக்கு மாறியது. மாறியது தேர்வுக் கால அட்டவணை மட்டுமன்று. மாணவிக்கு என்ன தெரியும் என்பதைக் காட்டிலும் அவளால் என்ன செய்ய முடியும் என்பதை அளக்க வேண்டும், உருவகப் பயிற்சியான சிமுலேஷனைப் பாடத்தோடு இணைக்க வேண்டும், செய்முறைத் தேர்வை, மாணவி நிலையம் நிலையமாகச் சென்று ஒவ்வொரு திறனையும் செய்துகாட்டும் ஆஸ்கி (OSCE) முறையில் நடத்த வேண்டும் என்றெல்லாம் அது எதிர்பார்க்கிறது. இவற்றை நடத்த வேண்டிய ஆசிரியர்களில் பெரும்பாலோர் பழைய முறையில் படித்து, பழைய முறையில் தேர்வெழுதி வந்தவர்கள். பாடத்திட்டத்தைப் புத்தகமாக அச்சிட்டு அனுப்பிவிட்டால் ஆசிரியரும் புதியவராகிவிடுவார் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நாடெங்கும் 157 புதிய செவிலியர் கல்லூரிகளைத் தொடங்க, கல்லூரிக்குப் பத்துக் கோடி வீதம் 1,570 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 15,700 பட்டதாரிச் செவிலியர்கள் கூடுதலாகக் கிடைப்பார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தால் வகுப்பில் இருக்கப்போகிறவர்கள் 62,800 பேர். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கவுன்சிலின் விகிதப்படி இந்தக் கல்லூரிகளுக்கு மட்டும் 6,280 ஆசிரியர்கள் வேண்டும். அவர்கள் வானத்திலிருந்து இறங்கி வரப்போவதில்லை. இப்போது இருக்கும் கல்லூரிகளின் இளநிலை ஆசிரியர்களிலிருந்தே வர வேண்டும். கட்டடத்துக்குப் பத்துக் கோடி என்று கணக்குப் போட முடிகிற நாட்டில், ஓர் ஆசிரியரை வளர்த்தெடுக்க ஆண்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு எந்தக் கோப்பிலும் கண்ணில் படுவதில்லை.

டியூட்டர் என்ற தொடக்கநிலை ஆசிரியராகச் சேரும் ஓர் இளம்பெண்ணின் நாள் எப்படிக் கழிகிறது என்று வெளியுலகம் அறியாது. பட்டம் பெற்று ஓராண்டு மருத்துவமனை அனுபவம் இருந்தால் டியூட்டராகலாம். காலை ஏழரை மணிக்கு மாணவிகளோடு வார்டுக்குப் போக வேண்டும்; மதியம் வகுப்பு; மாலையில் கேஸ் ஸ்டடி நோட்டுகளும் லாக் புக்குகளும் திருத்த வேண்டும்; முறை வரும்போது விடுதிக் காவலும் உண்டு. தனியார் கல்லூரியாக இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி பள்ளியாகச் சென்று சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழும். இத்தனைக்கும் நடுவில் 'நீங்கள் ஏன் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவில்லை?' என்று ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் அவளைக் கேட்கிறது. அவளுக்கு முதல் தேவை பணம் அன்று, இரண்டு மணி நேரம்தான்.

எனவே என் முதல் கோரிக்கைக்குச் செலவே கிடையாது. வாரத்தில் ஒருநாள் பிற்பகல் இரண்டு மணி நேரத்தை ஆசிரியர்களின் கல்விக்கென்று கால அட்டவணையிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வகுப்பு, கூட்டம், நோட்டுத் திருத்தம், பெற்றோர் சந்திப்பு என எதுவும் வைக்கக் கூடாது. இடைத்தேர்வுகளை அந்தப் பிற்பகலுக்கு ஒதுக்கி, மூத்த மாணவிகளின் உதவியோடு அலுவலகப் பணியாளர் மேற்பார்வையில் நடத்தினால் மாணவியரின் நேரமும் வீணாகாது. பல கல்லூரிகளில் தொடர்கல்விக் குழு என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. அதன் கூட்டக் குறிப்புகள், கல்லூரியை ஆய்வு செய்யக் குழு வருவதற்கு முந்தின வாரம், ஒரே மையில், ஒரே கையெழுத்தில் எழுதப்படுவதும் உண்டு. அந்தக் குழுவுக்கு உண்மையான வேலை ஒன்று கொடுத்தால் இந்த இரண்டு மணி நேரம் தானாகவே நிரம்பிவிடும்.

அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு வெளியூர் நிபுணர் வேண்டியதில்லை. ஒருவர் ஒரு கட்டுரையைப் படித்து வந்து மற்றவர்களோடு விவாதிக்கலாம். ஒருவருடைய வகுப்பை மற்றொருவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, கண்டதை அவரிடம் மட்டும் சொல்லலாம். பி.எஸ்சி. மாணவிகளுக்கு மைக்ரோ டீச்சிங் என்ற சிறு மாதிரி வகுப்பை நடத்திக்காட்டச் சொல்லி மதிப்பெண் போடும் நாம், பணியில் சேர்ந்த பிறகு நம் வகுப்பை ஒருவரும் பார்க்க விடுவதில்லை. முதல்வர் வந்து பார்த்தால் அது குறை கண்டுபிடிக்கும் சோதனையாகத்தான் உணரப்படுகிறது. ஆகவே சக ஆசிரியர் எழுதும் குறிப்பு பதவி உயர்வுக் கோப்புக்குள் போகக் கூடாது என்பதை நிர்வாகம் முன்கூட்டியே உறுதியளிக்க வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால் இரண்டே வாரங்களில் எல்லாரும் எல்லாரையும் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வார்டில் நோயாளியின் படுக்கையருகே நடக்கும் கற்பித்தலை இப்படிப் பார்ப்பது இன்னும் பயன் தரும். அங்கேதான் நம் தொழிலின் உயிர் இருக்கிறது.

அதைச் சொல்லும்போது, செவிலியர் கல்விக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் காலையில் நோயாளியைப் பார்த்துவிட்டு அதையே வகுப்பில் சொல்கிறார். செவிலியர் கல்லூரி ஆசிரியரோ, சேர்ந்த சில ஆண்டுகளிலேயே நோயாளியைத் தம் கையால் கவனிக்கும் வேலையிலிருந்து விலகி, மாணவியை மேற்பார்க்கும் வேலையில் மட்டும் நின்றுவிடுகிறார். இதற்கிடையில் வார்டு மாறிவிடுகிறது. சொட்டு எண்ணிக் கொடுத்த இடத்தில் இன்ஃப்யூஷன் பம்ப் வருகிறது; கேஸ் ஷீட் கணினிக்குள் போகிறது; வென்டிலேட்டரின் திரையில் புதுப் புது எழுத்துகள் தோன்றுகின்றன. பாடத்தைக் கரைத்துக் குடித்த ஆசிரியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் நேற்றுச் சேர்ந்த சிஸ்டரிடம் மாணவிகள் எதிரில் விளக்கம் கேட்கத் தயங்கி ஒதுங்கி நிற்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மாணவிகளுக்கு அது தெரியாமல் இருப்பதில்லை.

இதற்கு நம் மாநிலத்திலேயே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழி இருக்கிறது. 1946இல், டெல்லிச் செவிலியர் கல்லூரி தொடங்கிய அதே ஆண்டில், பட்டப் படிப்பைத் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியில், கற்பிப்பவர்களே மருத்துவமனைச் செவிலியர் பணியிலும் பொறுப்பு வகிக்கும் இரட்டைப் பொறுப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. அந்த அளவுக்கு எல்லாக் கல்லூரிகளும் போக முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் குறைந்தது நூறு படுக்கைகள் கொண்ட தாய் மருத்துவமனை, அதாவது கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனை, வேண்டும் என்று விதி இருக்கிறதே, அது எதற்கு? ஆண்டுக்கு இரண்டு வாரம் ஒவ்வோர் ஆசிரியரையும், கூடவே மாணவிகள் யாரையும் அனுப்பாமல், அந்த மருத்துவமனையின் ஒரு பிரிவில் செவிலியராகவே பணியாற்ற அனுப்பலாம். குழந்தை மருத்துவம் கற்பிப்பவர் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும், மகப்பேறு கற்பிப்பவர் பிரசவ அறைக்கும் செல்லட்டும். அதுபோல, அந்தப் பிரிவின் பொறுப்புச் சிஸ்டரை மாதம் ஒருமுறை கல்லூரிக்கு அழைத்து, பிரிவில் என்ன மாறியிருக்கிறது என்று ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லச் சொல்லலாம். சிஸ்டருக்கு மதிப்பூதியமாக ஒரு சிறு தொகை கொடுத்தால் அது நல்ல பழக்கம். கொடுக்க முடியாத இடத்திலும் அவருக்கு ஒரு சான்றிதழும், தேநீரும், மரியாதையும் கொடுக்க முடியும்.

சிமுலேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் பல நிர்வாகிகளுக்கு லட்சக்கணக்கில் விலையுள்ள மனித மாதிரிப் பொம்மைதான் நினைவுக்கு வருகிறது. வாங்கிய கல்லூரிகளில் அது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டு, ஆய்வு நாளன்று மட்டும் வெளியே வருவதையும் பார்த்திருக்கிறோம். பொம்மை இல்லாமலேயே நல்ல பயிற்சி நடத்தலாம். பிரசவத்துக்குப் பின் ஏற்படும் ரத்தப்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: இழப்பு 500 மில்லி லிட்டரைத் தாண்டியதா என்பதைக் கண்ணளவில் மதிப்பிடும்போது பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம். சிவப்புச் சாயம் கலந்த நீரை வெவ்வேறு அளவுகளில் துணியிலும் பேடிலும் விரிப்பிலும் ஊற்றி வைத்து, ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு என்று எழுத வேண்டும். பிறகு சமையலறைத் தராசில் நிறுத்து, உலர்ந்த துணியின் எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தொடர்ந்து, மூத்த மாணவி ஒருத்தி தாயாக நடிக்க, ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் மருந்துக்கு ஓடுவது யார், மருத்துவரை அழைப்பது யார், நாடித்துடிப்பைப் பார்ப்பது யார் என்று ஒருமுறை நடத்திப் பார்க்கலாம். இதன் செலவு சாயப் பொட்டலத்தோடும் சில பேடுகளோடும் முடிந்துவிடும். கடினமான பகுதி அதன் பிறகு வருகிறது: யாரையும் புண்படுத்தாமல், எதையும் மறைக்காமல், நடந்ததைப் பேசி ஆராய்வது. அந்தத் திறனைத்தான் ஆசிரியர்கள் பழக வேண்டும். எந்தப் பொம்மையும் அதைக் கற்றுத் தராது. முறையான பயிற்சிக்கு ஒருவரையோ இருவரையோ மட்டும் அனுப்பி, திரும்பி வந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று முன்னரே ஒப்பந்தம் செய்துகொள்வது, எல்லாரையும் ஒரு நாள் கூட்டத்துக்கு அனுப்புவதைவிடச் சிக்கனம்.

கூட்டம் என்றதும் நம் கருத்தரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்பது கவுன்சிலின் நெறி. நல்ல நெறி. ஆனால் அது நடைமுறையில் கிரெடிட் மணி நேரம் சேர்க்கும் ஓட்டமாகிவிட்டது. காலை பத்து மணிக்குத் தொடங்கும் கருத்தரங்கில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, மலர் வெளியீடு எல்லாம் முடியவே பதினொன்றரை ஆகிவிடுகிறது. மதிய உணவுக்குப் பிறகு பாதி நாற்காலிகள் காலி. கட்டணத்தை ஆசிரியை தன் சம்பளத்திலிருந்து கட்டியிருப்பாள். அந்த நாளைத் தற்செயல் விடுப்பாகக் கழித்த கல்லூரிகளும் உண்டு. பொன்னாடைக்கும் பதாகைக்கும் ஆகும் செலவை மட்டும் மிச்சம் பிடித்தாலே ஓராண்டுக்கான உருப்படியான பயிற்சிக்கு விதைப் பணம் கிடைத்துவிடும். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கல்லூரிக்குள் வாரந்தோறும் இரண்டு மணி நேரமாக நடக்கும் பயிற்சியையும், வருகைப் பதிவும் பாடப்பொருளும் மதிப்பீடும் முறையாக இருக்குமானால், எளிய நடைமுறையில் கிரெடிட் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டில் நாற்பது வாரம் நடந்தால் எண்பது மணி நேரம் ஆகிறது. அதில் பாதியை ஏற்றுக்கொண்டாலும் ஆண்டுக்கு முப்பது மணி நேரம் என்ற தேவை நிறைவேறிவிடும்.

நிதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு அறுபது மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரியில் நான்கு ஆண்டுக்கும் 240 மாணவர்கள், 24 ஆசிரியர்கள். ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 60,000 ரூபாய். கல்லூரிப் பேருந்து ஒன்றின் டயர் மாற்றும் செலவை ஒட்டிய தொகைதான். இதைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டால் கரைந்து போய்விடும். ஒரே நிதியாக வைத்துக்கொண்டு, எதற்குச் செலவிடுவது என்பதை ஆசிரியர்களே உள்ள குழு முடிவு செய்ய வேண்டும். சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் சுகாதார ஆராய்ச்சியின் அடிப்படைகளைப் பற்றி ஐ.ஐ.டி.களின் இணையக் கல்வித் தளமான என்பிடெல்லில் நடத்திய இணையவழிப் பாடத்தை இலவசமாகப் படிக்க முடிந்தது. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்குத்தான் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம் இருந்தது. இத்தகைய பாடத்துக்கு ஆண்டுக்கு ஆறு பேரின் தேர்வுக் கட்டணத்தை இந்த நிதி ஏற்றால் நான்கு ஆண்டுகளில் கல்லூரியே ஆராய்ச்சியின் அரிச்சுவடியை முடித்திருக்கும். கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் உள்ள ஃபெய்மர் மையம் போன்ற இடங்களில் கற்பித்தல் கலைக்கென்றே நீண்ட காலப் பயிற்சி இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் ஓர் ஆசிரியருக்குப் பயணச் செலவும் பணி நாளாகக் கருதப்படும் விடுப்பும் தரலாம்.

ஆராய்ச்சி இதழ்களின் நிலை வேறு. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2025 ஜனவரியில் தொடங்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் அடங்கும். ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி ஆகிய ஊர்களின் அரசு செவிலியர் கல்லூரி ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் இதில் தமக்கு நுழைவுக் கணக்கு இருக்கிறதா என்று தத்தம் நூலகரை இன்றே கேட்க வேண்டும். தமிழகத்தில் செவிலியர்களை அதிகம் உருவாக்கும் தனியார் கல்லூரிகளுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் 2003இலேயே 'ஹெலிநெட்' என்ற பெயரில் இணைவுக் கல்லூரிகளுக்கான கூட்டு மின்னூலகத்தை ஏற்படுத்தியது. நம் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் தனியார் செவிலியர் கல்லூரிகளின் பங்களிப்போடு, சிறு கல்லூரிக்குச் சிறு சந்தா என்ற அளவில், அவற்றின் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் எட்டும் விதத்தில் இதைச் செய்ய முடியும். இது நடக்காதவரை பப்மெட் சென்ட்ரல் என்ற மருத்துவக் கட்டுரைகளின் இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றையும், வேலூரிலிருந்து வரும் தொடர் செவிலியர் கல்விக்கான இதழையும் படித்தாலே வாராந்திர விவாதத்துக்குப் பொருள் பஞ்சம் வராது. பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரையை அச்சிடும் போலி இதழ்களுக்கு ஆசிரியர்கள் தம் சம்பளத்தைக் கொட்டுவதை மட்டும் எப்படியாவது நிறுத்த வேண்டும். பதவி உயர்வுக்கு எண்ணிக்கையை மட்டும் கேட்கும் நிர்வாகங்களே அந்தச் சந்தையை வாழவைக்கின்றன.

ஒரே மாவட்டத்தில் நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்தால் இவற்றில் பலவும் இன்னும் எளிதாகும். ஒரு கல்லூரியில் புள்ளியியல் நன்கு தெரிந்தவர் இருப்பார். மற்றொன்றில் மனநலச் செவிலியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் இருப்பார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கல்லூரியாக மாறி மாறிக் கூடினால் பேருந்துக் கட்டணத்தைத் தவிரச் செலவில்லை. மாணவர் சேர்க்கையில் போட்டியாளர்களான நிர்வாகங்கள் இதற்குச் சம்மதிக்குமா என்று கேட்பார்கள். தேர்வு நாட்களில் புறத் தேர்வாளர்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் கல்லூரிகள்தானே இவை?

'நாங்கள் செலவழித்துப் பயிற்சி கொடுப்போம், அவர்கள் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுவார்கள்' என்பது நிர்வாகிகள் வழக்கமாகச் சொல்வது. பயிற்சி கொடுக்காவிட்டாலும் போகத்தான் போகிறார்கள். அவர்களைப் போகவைப்பது சம்பளம். இங்கே நான் சொன்ன எதுவும் நியாயமான சம்பளத்துக்கு மாற்று ஆகாது என்பதையும், 'வளர்ச்சிக்கு வாய்ப்பளிக்கிறோம்' என்று சொல்லி ஊதிய உயர்வைத் தள்ளிப்போட யாரும் இந்தக் கடிதத்தைத் துணைக்கு அழைக்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு அவர்களை நிறுத்திவைக்கப் பார்க்கும் சில கல்லூரிகளின் வழக்கம், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் வழியையே அடைத்துவிடுகிறது. அந்தச் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுப்பதும் செலவில்லாத உதவிகளில் ஒன்று.

1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய நர்சிங் மற்றும் மருத்துவச்சிப் பணி ஆணையச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவக் கல்விப் பிரிவு ஒன்று இருந்தாக வேண்டும், ஆசிரியர்கள் கற்பித்தல் குறித்த அடிப்படைப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்று அத்துறையின் ஒழுங்குமுறை வற்புறுத்துவதைப்போல, புதிய சட்டத்தின் கீழ் விதிகள் எழுதப்படும்போது செவிலியர் கல்லூரிகளுக்கும் வற்புறுத்தட்டும். அதுவரை, கல்லூரியை ஆய்வு செய்ய வரும் பல்கலைக்கழகக் குழுவினர் கட்டடத்தின் சதுர அடியையும் பொம்மைகளின் எண்ணிக்கையையும் சரிபார்க்கும்போது, ஆசிரியர்களுக்கென ஒதுக்கப்பட்ட அந்த இரண்டு மணி நேரம் கால அட்டவணையில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டு, சென்ற மாதம் அதில் என்ன நடந்தது என்று முதல்வரிடம் கேட்காமல் ஓர் இளம் டியூட்டரிடம் விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கல்லூரிப் பேராசிரியை,
மதுரை.